வாங்கிய வரிசையும் திருப்பும் வரிசையும்: நெட்வொர்க் டிரைவர் பிழைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றை லேப்டாப்பில் செருகுகிறோம். நெட் வருகிறது. வேலை முடிந்ததும் பிடுங்குகிறோம். செருகும்போது என்ன நடக்கிறது என்று சோதிக்காமல் எந்த டிரைவரும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) வெளியே வருவதில்லை. பிடுங்கும்போது நடப்பதை அதே அக்கறையோடு சோதிப்பவர்கள் குறைவு. பெரிய ஃபைல் ஒன்று பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் என்ன ஆகும்? செருகுகிற நேரத்தில் மெமரி தீர்ந்துபோயிருந்தால் என்ன ஆகும்? இதெல்லாம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கணினி உறைந்து நின்ற பிறகுதான் தெரியவருகிறது.

அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எடுத்துக்கொள்கிறேன். அதன் கோடை (நிரல் வரிகளை) யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தங்களும் எல்லோர் கண்முன்னும்தான் நடக்கின்றன. சி மொழி கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஓர் அடிப்படை. நாம் எழுதும் சாதாரண புரோகிராம், வாங்கிய மெமரியைத் திருப்பித் தர மறந்தாலும் பெரிய கேடில்லை. புரோகிராம் முடிந்ததும் இயங்குதளம் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். திறந்த ஃபைல், பிடித்துவைத்த சாக்கெட் எல்லாம் தானாக மூடப்படும். டிரைவருக்கு அந்த வசதி கிடையாது. அது கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. அதற்குப் பின்னால் வந்து கூட்டிப் பெருக்க ஆள் இல்லை. டிரைவர் திருப்பித் தராத மெமரி ரீபூட் செய்யும் வரை போனது போனதுதான். ஒரு பாக்கெட்டுக்கு 2 கேபி பஃபர் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு கோளாறில் நொடிக்கு ஒரே ஒரு பஃபர் திரும்பி வராமல் போனால், ஒரு நாளில் 86,400 பஃபர்கள், அதாவது சுமார் 170 எம்பி. வீட்டு ரூட்டர் ஒன்றில் மொத்த மெமரியே 128 எம்பிதான் என்றால் ஒரு நாள்கூடத் தாங்காது.

சரி, ஒரு நெட்வொர்க் கார்டின் டிரைவர் என்னதான் வாங்குகிறது? பிசிஐ என்ற இணைப்பில் செருகிய கார்டு ஒன்றைக் கெர்னல் கண்டுபிடித்ததும் டிரைவரின் 'ப்ரோப்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. ப்ரோப் முதலில் கார்டை இயக்கத்துக்குக் கொண்டுவருகிறது. கார்டைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டர்கள் இருக்கும் முகவரிப் பகுதியைத் தன் பெயரில் பதிவுசெய்து, கெர்னல் தொடக்கூடிய முகவரியாக மேப் செய்துகொள்கிறது. நெட்வொர்க் சாதனத்தைக் குறிக்கும் ஸ்ட்ரக்சர் ஒன்றை ஒதுக்குகிறது. கார்டும் சிபியுவும் பாக்கெட்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும் டிஎம்ஏ ரிங்குகளை (டிஎம்ஏ என்பது கார்டே மெமரியை நேராகத் தொடும் வழி) ஒதுக்குகிறது. கார்டு கூப்பிட்டால் ஓடிவர இன்டரப்ட் என்ற அழைப்பு வழி ஒன்றைக் கேட்டு வாங்குகிறது. எல்லாம் தயாரானதும் 'ரெஜிஸ்டர் நெட்டெவ்' என்று அழைக்கிறது. அந்த நொடியில்தான் ஈத்0 போன்ற பெயர் கணினியில் தோன்றுகிறது. கார்டைக் கழற்றும்போதோ டிரைவரை இறக்கும்போதோ கெர்னல் 'ரிமூவ்' ஃபங்ஷனைக் கூப்பிடும். வாங்கியதையெல்லாம் அது திருப்பித் தர வேண்டும்.

பந்தல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கால் நடுகிறார்கள், மேலே குறுக்குக் கழி கட்டுகிறார்கள், கடைசியில் கீற்று போடுகிறார்கள். பிரிக்கும்போது கீற்று முதலில் இறங்கும், பிறகு கழி, கடைசியில் கால். யாராவது காலை முதலில் பிடுங்கினால் மொத்தமும் தலைமேல் விழும். டிரைவரும் அப்படித்தான், கடைசியில் வாங்கியதை முதலில் திருப்ப வேண்டும். இதைச் சொல்வது சுலபம். கோடில் இது எங்கே தவறுகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அதிகம் தவறுவது ப்ரோப்பின் நடுவழியில். ஏழு படிகளில் ஐந்தாவது படி தோற்றுவிட்டது என்றால், முதல் நான்கில் வாங்கியதை மட்டும் தலைகீழ் வரிசையில் திருப்பித் தந்துவிட்டு வெளியேற வேண்டும். கெர்னலில் இதற்குக் 'கோடூ' (goto) பயன்படுத்துகிறார்கள். கல்லூரியில் கோடூ தொடவே கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஆனால் இந்த இடத்தில் அதைவிடத் தெளிவான வழி சி மொழியில் இல்லை என்பதே என் எண்ணம். ஃபங்ஷனின் அடியில் லேபிள்கள் வரிசையாக நிற்கும்: இன்டரப்டை விடு, ரிங்கை விடு, ஸ்ட்ரக்சரை விடு, மேப்பை விடு, பகுதியை விடு, கார்டை நிறுத்து. எந்தப் படி தோற்கிறதோ அதற்கேற்ற லேபிளுக்குத் தாவினால், அங்கிருந்து கீழே உள்ளதெல்லாம் வரிசையாக ஓடும்.

இதில் பிழை எப்படி நுழைகிறது? டிரைவரை முதலில் எழுதியவர் சரியாகவே எழுதியிருப்பார். மூன்று வருடம் கழித்து வேறொருவர் கார்டுக்குத் துடிப்பு தரும் கிளாக் ஒன்றை இயக்கும் வரியை நடுவில் சேர்ப்பார். அதை நிறுத்தும் வரியை ரிமூவில் மறக்காமல் போட்டுவிடுவார். ப்ரோப்பின் அடியிலுள்ள லேபிள்களில் போட மறந்துவிடுவார். அல்லது புதிய படி தோற்றால் கோடூ போடாமல் நேராக 'ரிட்டர்ன்' என்று எழுதிவிடுவார். அன்றாடப் பயன்பாட்டில் எதுவும் தெரியாது. இந்த வரிகள் மெமரி தீர்ந்தாலோ ஹார்டுவேர் சொதப்பினாலோதான் ஓடும். வருடக்கணக்கில் யாரும் மிதிக்காத படிக்கட்டு அது.

இன்னொரு வகை இதைவிட நுணுக்கமானது. பிழை எண்ணை வைத்திருக்கும் மாறியில் முந்தைய படி வெற்றிபெற்றதால் பூஜ்யம் இருக்கிறது. அடுத்த படியில் மெமரி ஒதுக்கல் தோற்கிறது. உடனே கோடூ போட்டு எல்லாவற்றையும் திருப்பித் தந்தாயிற்று. ஆனால் பிழை எண்ணை மாற்றவில்லை. ப்ரோப் பூஜ்யத்தோடு திரும்புகிறது. பூஜ்யம் என்றால் கெர்னலுக்கு வெற்றி என்று பொருள். அப்புறம் ஒரு நாள் கார்டைக் கழற்றும்போது ரிமூவ் ஓடும், ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்டதை மறுபடி கொடுக்கப் போகும். மெமரி இல்லாமல் போனதற்கும் கணினி விழுந்ததற்கும் நடுவே பல மணி நேர இடைவெளி இருக்கலாம். கெர்னலின் பதிவேடான லாகை மட்டும் பார்த்து இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கடினம்.

அடுத்தது ரிமூவ். இங்கே தலைகீழ் வரிசை மட்டும் போதாது. திருப்பித் தரப்போகும் பொருளை வேறு யாராவது இன்னும் கையில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் டிரைவருக்குள் பலர் நடமாடுகிறார்கள். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான ஹேண்ட்லர் வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கலாம். கேபிள் செருகியிருக்கிறதா என்று நொடிக்கொரு முறை பார்க்கும் டைமர் இருக்கலாம். பின்னணியில் ஓடும் வொர்க் ஒன்று வரிசையில் காத்திருக்கலாம். இவர்களையெல்லாம்விட ஆபத்தான ஆள் கார்டுதான். அது சிபியுவைக் கேட்காமலேயே டிஎம்ஏ மூலம் மெமரியில் நேராக எழுதும். கார்டை நிறுத்தாமல் ரிங்கை விடுவித்துவிட்டால், அந்த இடம் வேறு யாருக்கோ போன பிறகும் கார்டு வந்த பாக்கெட்டை அங்கேயே எழுதிக்கொண்டிருக்கும். கெடுவது யாருடைய தரவு என்று சொல்லவே முடியாது.

ஆகவே ஒரு பழைய வீட்டை இடிப்பதைப் போல யோசிக்க வேண்டும். முதலில் கதவைப் பூட்டு, இனி யாரும் உள்ளே வரக் கூடாது. பிறகு உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியே வரும் வரை காத்திரு. அப்புறம்தான் சுவரில் கை வை. நான் பார்த்த வரையில் டிரைவர் பிழைகளில் மோசமானவை, நடுவிலுள்ள அந்தக் காத்திருப்பை விட்டதால் வந்தவை.

டைமரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நீக்க இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. 'டைமர் டிலீட்' என்பது இனி ஓட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். டைமர் அந்தக் கணத்தில் வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படாது. 'டைமர் டிலீட் சிங்க்' ஓடுவது முடியும் வரை காத்திருந்து திரும்பும். பெயரில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவதைப் போட்டுவிட்டு அடுத்த வரியில் மெமரியை விடுவித்தால், டைமர் விடுவிக்கப்பட்ட மெமரியைத் தொடும். இரண்டாவதைப் போட்டாலும் ஒரு பொறி மீதமிருக்கிறது. டைமர் ஒரு வொர்க்கை வரிசையில் போடுகிறது, அந்த வொர்க் ஓடி முடிந்ததும் டைமரை மறுபடி கிளப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். டைமரை நிறுத்தினால் வொர்க் அதைக் கிளப்பிவிடும், வொர்க்கை நிறுத்தினால் டைமர் அதை வரிசையில் போட்டுவிடும். எதை முதலில் நிறுத்துவது? இதற்காகவே 'டைமர் ஷட்டவுன் சிங்க்' என்ற ஃபங்ஷன் பின்னாளில் சேர்க்கப்பட்டது. அதை அழைத்த பிறகு யார் கிளப்பினாலும் டைமர் எழாது. முதலில் அதை அழைத்துவிட்டு, வொர்க்கை ரத்துசெய்து காத்திருந்தால் வேலை முடிந்தது.

இன்டரப்டுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. 'ஃப்ரீ ஐஆர்க்யூ' ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும் வரை தானே காத்திருக்கும். அதைச் சரியான இடத்தில் அழைக்கிறோமா என்பதுதான் கேள்வி.

இப்போது ஒரு பிழையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். இதே வடிவில் பல டிரைவர்களில் இருந்து திருத்தப்பட்ட ஒன்று. ரிமூவ் ஃபங்ஷன் தோராயமாக இப்படி இருக்கும், பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன்:

சொந்தம் = நெட்டெவ்_ப்ரைவ்(டெவ்);
அன்ரெஜிஸ்டர்_நெட்டெவ்(டெவ்);
ஃப்ரீ_நெட்டெவ்(டெவ்);
கிளாக்_நிறுத்து(சொந்தம்->கிளாக்);

மேலோட்டமாகப் பார்த்தால் குறை தெரியாது. 'டெவ்' என்பதைத்தான் விடுவித்தோம், 'சொந்தம்' வேறு பாய்ண்டர்தானே? இல்லை. நெட்வொர்க் ஸ்ட்ரக்சரை ஒதுக்கும்போதே, டிரைவரின் சொந்தத் தரவுக்கான இடத்தையும் அதோடு ஒட்டி ஒரே துண்டாகக் கெர்னல் ஒதுக்குகிறது. 'சொந்தம்' அந்தத் துண்டின் வால்பகுதியைத்தான் சுட்டுகிறது. மூன்றாவது வரியில் தலையோடு வாலும் போய்விட்டது. நான்காவது வரி போனதைத் தொடுகிறது. பெரும்பாலான நேரம் அந்த இடத்தில் பழைய மதிப்பே இன்னும் அழியாமல் இருக்கும், அதனால் சோதனையில் எல்லாம் சரியாகவே நடக்கும். அந்த நொடிக்குள் வேறொருவர் அந்த இடத்தை வாங்கி எழுதிவிட்டால் கெர்னல் விழும். திருத்தம்? மூன்றாவது, நான்காவது வரிகளை இடம் மாற்ற வேண்டும். அவ்வளவுதான். அந்த இரண்டு வரி ஏன் இடம் மாற வேண்டும் என்று விளக்கும் பத்தியை எழுதத்தான் நேரம் பிடிக்கும்.

இரண்டாவது வரியையும் கவனியுங்கள். ரெஜிஸ்டர் செய்வது ப்ரோப்பில் கடைசியில் வர வேண்டும், அன்ரெஜிஸ்டர் ரிமூவில் முதலில் வர வேண்டும். ரெஜிஸ்டர் ஆன மறுகணமே, ப்ரோப் முடியக்கூடக் காத்திராமல், ஏதாவது ஒரு நெட்வொர்க் மேலாளர் புரோகிராம் கார்டைத் திறந்துவிடலாம். அதற்குப் பிறகு தயார் செய்யும் எதுவும் தாமதமானதுதான். அதேபோல் கார்டு இயங்கிக்கொண்டிருக்கும்போது அன்ரெஜிஸ்டர் செய்தால், கெர்னல் டிரைவரின் 'ஸ்டாப்' ஃபங்ஷனைத் தானே அழைத்து நிறுத்தும். ஸ்டாப்புக்குத் தேவையான பொருள்களை முன்கூட்டியே விடுவித்து வைத்திருந்தால் அங்கேயே சிக்கல். பல டிரைவர்கள் இன்டரப்டையும் ரிங்கையும் ப்ரோப்பில் வாங்காமல் 'ஓப்பன்' ஃபங்ஷனில் வாங்குகின்றன. ஓப்பன் வாங்கியதை ஸ்டாப் திருப்ப வேண்டும், ப்ரோப் வாங்கியதை ரிமூவ் திருப்ப வேண்டும். இந்த இரண்டு ஜோடிகளைக் குழப்பினால் ஒரே பொருள் இரண்டு தடவை விடுவிக்கப்படும்.

பாக்கெட்டுகளின் கணக்கு தனி. அனுப்ப வேண்டிய பாக்கெட்டை எஸ்கேபி என்ற ஸ்ட்ரக்சரில் வைத்துக் கெர்னல் டிரைவரிடம் தருகிறது. டிரைவர் 'ஓகே' என்று பதில் சொன்னால் பாக்கெட் டிரைவருடையது, அதை விடுவிக்கும் பொறுப்பும் அதனுடையது. 'பிஸி' என்று சொன்னால் பாக்கெட் இன்னும் கெர்னலுடையது, டிரைவர் அதை விடுவிக்கவே கூடாது. வழக்கமான பிழை எங்கே என்றால், பாக்கெட்டைக் கார்டு தொடக்கூடிய முகவரியாக மாற்றும் டிஎம்ஏ மேப்பிங் தோற்கும் இடத்தில். அங்கே பாக்கெட்டைக் கைவிடுவதுதான் முறை: விடுவித்துவிட்டு 'ஓகே' சொல்ல வேண்டும். விடுவிக்காமல் 'ஓகே' மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பும் டிரைவர்கள் நிறைய இருந்திருக்கின்றன. பாக்கெட் பல துண்டுகளாக இருந்து மூன்றாவது துண்டை மேப் செய்யும்போது தோற்றால், முதல் இரண்டின் மேப்பையும் எடுக்க வேண்டும். அந்தப் பின்னோக்கிய லூப்பில் எண்ணிக்கை ஒன்று கூடவோ குறையவோ போவது சர்வசாதாரணம்.

இதோடு நெருங்கிய இன்னொன்று, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை. நெட்வொர்க் சாதனத்தை யாராவது பயன்படுத்தும்போது எண்ணிக்கையை ஒன்று ஏற்றிவிட்டு, முடிந்ததும் இறக்க வேண்டும். ஏற்றியவர் இறக்க மறந்தால் சாதனத்தை நீக்கவே முடியாது. இன்ன சாதனம் விடுபடக் காத்திருக்கிறேன், எண்ணிக்கை 1 என்று கெர்னல் லாகில் 10 நொடிக்கு ஒரு முறை ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். கண்டெய்னர்களை நிர்வகிக்கிறவர்கள் பலர் இந்த வரியைப் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவையும் கையால் செய்ய வேண்டுமா என்று தோன்றலாம். 2007-ல் 'டெவ்எம்' என்ற ஏற்பாடு கெர்னலுக்குள் வந்தது. டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் மூலம் வாங்கினால், ப்ரோப் தோற்றாலும் ரிமூவ் முடிந்தாலும் கெர்னலே தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுத்துவிடும். நல்ல வசதி, பல பிழைகளை அடியோடு நீக்கியது. ஆனால் 'ரிமூவ் முடிந்த பிறகு' என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். இன்டரப்டை டெவ்எம் மூலம் வாங்கிவிட்டு, ரிங்கை மட்டும் ரிமூவுக்குள் கையால் விடுவித்தால் என்ன ஆகும்? ரிங் போய்விட்டது, இன்டரப்ட் இன்னும் உயிரோடிருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் போன ரிங்கைத் தொடும். அதே இன்டரப்ட் லைனை வேறொரு கார்டும் பகிர்ந்துகொண்டிருந்தால், நம் கார்டு அமைதியாக இருந்தாலும் ஹேண்ட்லர் ஓடும். கெர்னலின் நெட்வொர்க் பிரிவு, டெவ்எம் உட்பட இத்தகைய தானியங்கி வழிகளின் வாக்குறுதிகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம் என்று தன் வழிகாட்டி ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. எனக்கும் அதில் உடன்பாடுதான். முதல் டிரைவரையாவது கையால் வாங்கி, கையால் திருப்பிப் பழகியவருக்குத்தான் டெவ்எம் எங்கே உதவும், எங்கே மறைக்கும் என்பது பிடிபடும்.

பிழையைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கேசான். 2015-ல் வந்த 4.0 கெர்னலிலிருந்து இருக்கிறது. இதை இயக்கிக் கெர்னலைக் கட்டினால், விடுவிக்கப்பட்ட மெமரியை யாராவது தொட்ட கணமே அறிக்கை வரும். அதில் மூன்று பகுதிகள் இருக்கும்: இப்போது தொட்டது யார், இதை முதலில் ஒதுக்கியது யார், விடுவித்தது யார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதிக் கதை வெளியே வந்துவிடும். திருப்பித் தராமல் போன மெமரியை, அதாவது மெமரி லீக்கைத் தேட கேமெம்லீக் இருக்கிறது. எந்தப் பாய்ண்டரும் சுட்டாத மெமரித் துண்டுகளை அது அவ்வப்போது தேடிப் பட்டியலிடும். கெர்னலின் மெமரி ஒதுக்கலைச் சோதிக்கும் ஸ்லாப் டீபக் மட்டும் இருந்தால்கூட ஒரு தடயம் கிடைக்கும்: விடுவித்த மெமரியை அது 6பி (பதினாறடிமான எண், 0x6b) என்ற பைட்டால் நிரப்பி வைக்கிறது. கெர்னல் விழுந்த செய்தியில் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரில் 6பி6பி6பி என்று வரிசையாகத் தெரிந்தால், விடுவித்ததைத் தொட்டிருக்கிறோம் என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

யாரும் மிதிக்காத படிக்கட்டு என்று சொன்னேனே, அதை மிதிக்கவும் வழி உண்டு. ஃபெயில்ஸ்லாப் என்பதை இயக்கினால் மெமரி ஒதுக்கலை வேண்டுமென்றே தோற்கச் செய்யலாம். டிரைவர் நீக்கத்தைச் சோதிக்கும் ஓர் அமைப்பும் கெர்னலில் இருக்கிறது. அதை இயக்கினால் ஒவ்வொரு டிரைவரையும் ப்ரோப் செய்து, உடனே ரிமூவ் செய்து, மறுபடி ப்ரோப் செய்யும். கோடை ஓட்டாமலேயே படித்துக் குறை சொல்லும் ஸ்மேட்ச், காக்சினெல் போன்ற கருவிகளும் உதவும். ஆனால் அவை சொல்வதை அப்படியே பேட்சாக (கோடுத் திருத்தமாக) மாற்றி அனுப்பாதீர்கள். இல்லாத லீக்கைத் திருத்தப் போய், ஒரு தடவை விட வேண்டியதை இரண்டு தடவை விடும் பேட்ச்கள் வந்திருக்கின்றன. லீக்கைவிட அது மோசம்.

தொடங்க நினைப்பவர்கள் கெர்னல் கோடில் ஈதர்நெட் டிரைவர்கள் இருக்கும் அடைவைத் திறந்து, சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ப்ரோப் வாங்குவதையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். வலப்பக்கம் ரிமூவ் திருப்புவதை அடியிலிருந்து மேலாக எழுதுங்கள். பிறகு ப்ரோப்பின் ஒவ்வொரு கோடூவிலும் விரல் வைத்து, அது தாவும் லேபிளிலிருந்து கீழே வரை போய்ப் பாருங்கள். ஜோடி இல்லாமல் ஒரு வரி நின்றால், அது எந்தப் பேட்சில் வந்தது என்று கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட்டின் வரலாற்றில் தேடுங்கள். அந்தப் பேட்சின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளையும் அதன் தலைப்பையும் உங்கள் பேட்சின் அடியில் 'ஃபிக்ஸஸ்' என்ற வரியில் குறிப்பிட வேண்டும். எந்தப் பழைய கெர்னல்களுக்கெல்லாம் இந்தத் திருத்தம் போக வேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பிழை எப்படிக் கண்ணில் பட்டது, ஹார்டுவேரில் சோதித்தீர்களா, கோடைப் படித்து மட்டும் கண்டுபிடித்தீர்களா என்பதையும் உள்ளது உள்ளபடி எழுதிவிடுங்கள். திருத்தம் கேட்டுப் பதில் வந்தால் அவசரப்பட வேண்டாம். அதே பேட்சின் அடுத்த பதிப்பை 24 மணி நேரத்துக்குள் அனுப்பக் கூடாது என்பது நெட்வொர்க் பிரிவின் விதி.